ஒரு கொடிக்கு ஒரு காய்

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த டிராவிஸ் கீஞ்சர், கலிபோர்னியாவில் நடந்த போட்டிக்குக் கொண்டுவந்த பரங்கிக்காயின் எடை 1,247 கிலோகிராம்!

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நீர். மீதியில் பெரும்பங்கு, இலைகள் சூரிய ஒளியில் சமைத்த சர்க்கரை. அந்தச் சர்க்கரைக்குப் பங்காளிகள் பலர். வளரும் கொடிநுனி ஒவ்வொன்றும் காயைப் போலவே அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு காயை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறார்கள். தாய்க்கொடியின் இருபுறமும் கிளைகளை நேராக ஓடவிட்டு, மூன்று நான்கு மீட்டரில் நுனியை நறுக்குகிறார்கள். கிளையில் கிளைப்பதை முளையிலேயே அகற்றுகிறார்கள். அவசரப்பட்டு நறுக்கினால் இலைகள் போதா. தாமதித்தால் சர்க்கரை நுனிகளுக்குப் போய்விடும். கடினமான கணக்குதான்!

கணுக்களை மண்ணால் மூடினால் அங்கும் வேர் இறங்கி நீர் உறிஞ்சும். ஆனால் காயருகில் விதி தலைகீழ். காய் பருத்து உயரும்போது கொடியையும் தூக்குகிறது. இரு முனைகளிலும் இறுகக் கட்டிய கயிற்றை நடுவில் சிறிது தூக்கினாலும் இழுவிசை மிகப் பெரிதாகும் என்று படித்திருப்பீர்கள். கொடியும் அப்படித்தான். காம்பு கிழிந்தால் பல வார உழைப்பு வீண். எனவே காயை ஒட்டிய கணுக்களின் வேர்களை மட்டும் வெட்டி, கொடியைத் தளர விட்டுவிடுகிறார்கள்.