ஆடு வாங்குமுன் தரையைப் பாருங்கள்



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஆட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "சங்கத்துக்காரனுக்கு ஆட்டோடு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள். விஷயம் இருக்கிறது.

ஜாசின் பக்கமும் அலோர் காஜா பக்கமும் கிளைக் கூட்டங்களுக்குப் போனால், கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்கிறார்: "அண்ணே, பிள்ளைங்க ஆட்டுக்குட்டி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. ரெண்டு வாங்கி வீட்டுக்குப் பின்னால கட்டலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள். மீதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறியவர்கள்.

கட்டலாம். ஆனால் குட்டியின் விலையைக் கேட்பதற்கு முன்னால் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஆடு நிற்கப்போகும் தரை யாருடையது?

நடமாடும் சேமிப்பு

லயத்துக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை இல்லாத தோட்டம் ஒரு காலத்தில் அபூர்வம். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா, மத்தியானம் பாராங் கத்தியோடு தழை வெட்டப் போவார். பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஆடு ஓட்டிப் போவார்கள். பள்ளிக்கூடச் செலவா, தங்கச்சி கல்யாணமா, முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட கிடாவா, எல்லாம் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தன. கையில் காசாக இருந்தால் கரைந்துவிடும் என்று ஆடாகச் சேர்த்து வைத்தார்கள் நம் பெரியவர்கள்.

அந்தச் சேமிப்பு எங்கே போனது? 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. பிறகு 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் வந்த அன்று, நம்மவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றினார்கள். ஆட்டையும் மாட்டையும் எங்கே ஏற்றுவது? போகிற இடம் மாடி வீடு. அவசரத்தில் விற்கிறவன் விலை பேச முடியுமா? வியாபாரி சொன்னதுதான் விலை. பத்து வருஷப் பாடு ஒரே வாரத்தில் பாதி விலைக்குப் போன குடும்பங்களை நான் அறிவேன்.

ஆட்டை வளர்த்ததில் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. தரை அவர்களுடையது இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எழுத்தில் வாங்குங்கள்

தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். "மேனேஜர் வாயால சொல்லிட்டாரு" என்று இருந்துவிடாதீர்கள். மேனேஜர் மாற்றலாகிப் போனால் அவர் சொன்ன வார்த்தையும் அவரோடு போய்விடும். எத்தனை ஆடு, கொட்டகை எங்கே, மேய்ச்சல் எந்தப் பகுதியில் என்பது ஒரு தாளில் இருக்கட்டும். தனித்தனியாகப் போய் நிற்பதைவிடக் கிளைச் செயற்குழு மூலம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கொட்டகைக்கு இடம் கேட்பது நல்லது. இளம் செம்பனைக் கன்றை ஆடு கடித்தது என்ற புகார் வரும்போது, ஒருவன் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்காது.

தாமானில் இருப்பவர்களுக்கு வேறு வகைத் தலைவலி. அங்கே கேட்க வேண்டிய இடம் நகராண்மைக் கழகம். குடியிருப்புப் பகுதியில் கால்நடை வைக்க ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா, மலாக்கா மாநகர் என்று உங்கள் வீடு எதில் சேர்ந்ததோ அங்கே நேரில் போய்க் கேளுங்கள். வரிசை வீட்டில் கிடா நாற்றமும் விடியற்காலைக் கத்தலும் அடுத்த வீட்டுக்காரர் மூக்கையும் காதையும் கேட்டுக்கொண்டு போவதில்லை. அவர் புகார் கொடுத்த பிறகு சட்டத்தைத் தேடிப் பயனில்லை.

ஒற்றை ஆடு வேண்டாம்

தரை விவகாரம் தீர்ந்தால் ஆட்டுக்கு வரலாம். வெள்ளாடு கூட்டமாக வாழும் பிராணி. ஒரே ஒரு குட்டியைக் கட்டிப் போட்டால் பகலெல்லாம் கத்தும், தீனி குறையும், இளைக்கும். குறைந்தது இரண்டு வேண்டும். செல்லத்துக்கு வளர்ப்பதானால் இரண்டு பெட்டை, அல்லது காயடித்த இரண்டு கிடா. காயடிக்காத கிடாவைச் செல்லமாக வளர்க்க ஆசைப்படாதீர்கள். பருவம் வந்தால் தன் மூத்திரத்தைத் தானே தாடியில் பூசிக்கொள்ளும், முட்டவும் வரும். கிடாக்குட்டி மூன்று நான்கு மாதத்திலேயே இனத்துக்குத் தயாராகிவிடும். தாயோடு விட்டு வைத்தால் தாயே சினையாகிவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். இன்று இரண்டாக இருப்பது அடுத்த வருஷம் ஐந்தோ ஆறோ ஆகும். கொட்டகை தாங்குமா என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

எந்த ஜாதி ஆடு? நம் நாட்டுக் காச்சாங் ஆடு சிறியது, நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. வடஇந்தியாவின் யமுனைக் கரையிலிருந்து வந்த ஜம்னாபாரி, நீண்ட காதும் வளைந்த மூக்குமாகப் பார்க்க அழகு. பால் கொடுக்கும், தீனியும் கேட்கும். தென்னாப்பிரிக்க போயர் கறிக்காக உருவான இனம். முதன்முதலாக வளர்ப்பவருக்குக் காச்சாங்கோ, காச்சாங் கலந்ததோ போதும்.

ஈரம்தான் எதிரி

ஆடு வெயிலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. நம் ஊர் மழைக்குத் தரையில் கட்டினால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும், புழு சேரும். அதனால்தான் பெரியவர்கள் பரண் கட்டினார்கள். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம், பலகைக்குப் பலகை புழுக்கை விழும் அளவுக்கு இடைவெளி, குட்டியின் கால் மாட்டாத அளவுக்கு நெருக்கம். சாரல் அடிக்கும் பக்கம் மறைப்பு, மற்றப் பக்கம் காற்று. கதவு உறுதியாக இருக்க வேண்டும், தெருநாய்கள் ராத்திரியில்தான் வரும். கீழே விழும் எரு காய்கறித் தோட்டத்துக்கு உதவும்.

காலையில் பனி காயும் முன் மேய விடாதீர்கள். புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும் நேரம் அது. வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. ஆட்டின் கீழ் இமையை விரலால் தாழ்த்திப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்துப் போய், தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே கால்நடைச் சேவை இலாகாவுக்குப் போங்கள். கடையில் கிடைத்த பூச்சி மருந்தை மாதாமாதம் ஊற்றுவது வைத்தியமல்ல. நம் நாட்டிலேயே பல பண்ணைகளில் மருந்துக்குப் புழு அடங்காமல் போனதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தோட்டத்து விஷங்கள்

ஆடு எதையும் தின்னும் என்பார்கள். எதையும் கடித்துப் பார்க்கும் என்பதுதான் சரி. தோட்டத்தில் அதற்கு ஆபத்து அதிகம்.

முதலாவது, களைக்கொல்லி. பாராகுவாட் என்ற கொடிய மருந்தை நம் தாய்மார்கள் பல ஆண்டுகள் முதுகில் சுமந்து தெளித்தார்கள். 2002-இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல்தான் முழுத் தடை வந்தது. இன்று வேறு மருந்துகள் தெளிக்கிறார்கள். பல தோட்டங்களில் அந்த வேலையை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். மருந்து மாறினாலும் விதி ஒன்றுதான். மருந்தடித்த காட்டில் ஆட்டை விடக் கூடாது. எந்தப் பகுதியில் என்றைக்குத் தெளிப்பு, எத்தனை நாள் விலக வேண்டும் என்று மண்டோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தெளிக்கிற தொழிலாளியிடமும் கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவர் மறைக்க மாட்டார்.

இரண்டாவது, உர மூட்டை. யூரியா இருந்த சாக்கையோ, அது கரைந்த தண்ணீரையோ ஆடு நக்கினால் சில மணி நேரத்தில் துடித்துச் சாகும். உர டிரம்மைக் கழுவித் தண்ணீர்த் தொட்டியாக வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்துக் கட்டியும் ஆபத்துதான்.

மூன்றாவது, நம் கைப்பட நட்ட செடிகள். கோயிலடியில் பூவுக்கு வைக்கும் அரளி ஆட்டுக்கு எமன். இலை, கொம்பு, காய்ந்த சருகு எல்லாமே விஷம். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். பச்சை மரவள்ளித் தழையை நிறையப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தால் விஷம் குறையும், அப்போதும் மற்றத் தழையோடு கலந்து கொஞ்சமாகவே போட வேண்டும்.

நான்காவது நம் அன்பு. கல்யாணம், திருவிழா முடிந்ததும் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு ஆட்டுக்குக் கொட்டுகிறோம். அரிசிச் சோறும் ரொட்டியும் வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கு இரைப்பை புளித்து, அசைபோடுவது நின்று, மறுநாள் படுத்துவிடும். பிறகு "கண்ணு பட்டுடுச்சு" என்போம். ஆட்டுக்குத் தழைதான் சாப்பாடு. பலா இலை, அகத்தி, கல்யாண முருங்கை, செம்பருத்தி, நேப்பியர் புல், இவை போதும். சுத்தமான தண்ணீரும் உப்புக்கட்டியும் எப்போதும் இருக்கட்டும்.

பாலும் நோயும்

ஆட்டுப் பால் மருந்து என்று பச்சையாகக் குடிப்பவர்கள் உண்டு. பினாங்கில் ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப் பாலைக் குடித்து 79 பேர் புருசெல்லா காய்ச்சலில் விழுந்தார்கள். அந்த விவரம் 2015-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பண்ணையின் சொந்தக்காரருக்கே நோய். டெங்கியா, மலேரியாவா என்று முதலில் தேடியிருக்கிறார்கள். அதில் விழுந்தவர்களுக்கு நோய் இன்னதென்று தெரியச் சராசரி 53 நாள் பிடித்தது. பால் பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமி சாகும். இதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்று, மெலியோடோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி. ஆட்டையும் தாக்கும், மனிதனையும் தாக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உயிராபத்து அதிகம். நம்மில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலில் புண்ணோடு கொட்டகைச் சேற்றில் இறங்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். காரணமில்லாத காய்ச்சல் வந்தால், வீட்டில் ஆடு இருக்கிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செல்லமா, கிடாவா?

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வெள்ளாடு பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் வரை அது கூடவே நிற்கும். பிள்ளைக்குச் செல்லம் என்று சொல்லி வாங்கி, பேர் வைக்கச் சொல்லி, கழுத்தில் மணி கட்டவிட்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வியாபாரியைக் கூட்டி வந்தால் அந்தப் பிள்ளை நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? நேர்ந்துகொண்ட கிடா என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விற்பதற்கு என்றால் அதையும் சொல்லுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு வாங்க வருபவர்கள் வயது நிறைந்த, ஊனமில்லாத ஆட்டைத்தான் கேட்பார்கள். அதற்கு ஏற்றபடி வளர்க்கலாம். செல்லம் என்றால் கடைசி வரை செல்லம்தான். இரண்டுக்கும் நடுவில் நின்றால் பிள்ளை மனசு உடையும்.

எப்படி வளர்த்தாலும் பட்டினி போட்டு, வெயிலில் கட்டிப்போட்டு வதைக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு அபராதமே 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை. மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு.

ஆகவே தோழர்களே, ஆட்டுக்குட்டி வாங்க வெள்ளியை எடுத்து வைத்தவர்கள் அதை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். அந்த ஒரு மாதத்தில் அனுமதிக் கடிதம் வாங்குங்கள், பரண் கட்டுங்கள், தழை எங்கே என்று பார்த்து வையுங்கள், அரளியை வேலி போட்டு மறையுங்கள், கால்நடை இலாகாவில் முகம் காட்டிவிட்டு வாருங்கள். தோட்டம் கைமாறினால் ஆட்டை எங்கே கொண்டுபோவோம் என்பதற்கும் ஒரு பதில் வைத்திருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு குட்டியைக் கொண்டுவாருங்கள்.

அனுமதிக்கு மனு எழுதத் தெரியவில்லை என்றால் கிளைச் செயலாளரிடம் போங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.