வெற்றி தோல்வி இல்லாத போர்க்கலை

நம் சிவகங்கைச் சீமையில் சிலம்பம் அறியாதார் இலர். திருவிழாக்களில் ஆடப்பெற்ற அக்கலை இன்று போட்டி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. எதிராளியின் உடலில் கம்பு பட்டால் புள்ளி. புள்ளி மிகுந்தவர் வெற்றியாளர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது நமக்குப் பெருமையே. ஆனால் தமிழரின் மற்றொரு தற்காப்புக் கலை இவ்வாறு போட்டிக்களம் ஏற இயலாது. அதுவே வர்மக்கலை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 'அடிமுறை' என்ற தற்காப்புக் கலையோடு இணைந்து வளர்ந்தது இது. அடிபட்டால் உடலுக்கோ உயிருக்கோ ஊறு விளைவிக்கும் இடங்களை வர்மம் என்பர். ஏட்டுச்சுவடிகள் கூறும் வர்மங்கள் 108. அவற்றுள் கடுமையானவை படுவர்மம் 12. ஏனையவை தொடுவர்மம் 96. இவ்விடங்களில் அடித்துப் புள்ளி சேர்ப்பது எங்ஙனம்? ஒருவன் வென்றான் என்றால் மற்றவன் மருத்துவரிடம் செல்லவேண்டியிருக்கும்!

அப்படியானால் ஒருவர் இக்கலையில் தேர்ந்தவர் என்று எதைக்கொண்டு அறிவது? இங்கேதான் வர்மக்கலையின் உயர்ந்த நெறி விளங்குகிறது. அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அடிபட்டவரை மீட்கவும் தெரியவேண்டும். வர்மம் கொண்டவரைத் தட்டியும் தடவியும் தெளிய வைக்கும் முறைக்கு 'இளக்குமுறை' என்று பெயர். அதனால் ஆசான் போர்வீரராகவும் வைத்தியராகவும் விளங்குகிறார். மாணவனின் குணத்தைப் பல்லாண்டு கண்டறிந்த பின்னரே மறைபொருளை உரைப்பது மரபு.

ஜப்பானிலும் இதற்கு நெருங்கிய கருத்துடைய கலை ஒன்று உண்டு. மொரிஹெய் உயெஷிபா (1883-1969) உருவாக்கிய அய்கிடோவில் அவர் போட்டியை அனுமதிக்கவில்லை. பின்னர் அவருடைய மாணவர் டோமிக்கி தம் கிளையில் போட்டியைப் புகுத்தினார். எனினும் பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் போட்டி இல்லை. இருவர் மாறி மாறித் தாக்குபவராகவும் தடுப்பவராகவும் பயில்வர். தாக்க வருபவரின் விசையை எதிர்த்து நிற்காமல், அதனோடு சேர்ந்து திரும்பி, அவரை நிலைகுலையச் செய்வதே உத்தி. காயமின்றி விழுவதைத் தொடக்கத்திலேயே கற்பிக்கின்றனர். உடன் பயில்பவரின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்ற உணர்வு அப்பயிற்சியில் ஊறிவிடுகிறது.

அறிவியல் மாணவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போட்டி இல்லாத கலைக்கு வேறு சோதனையும் இல்லையென்றால் கட்டுக்கதைகள் பெருகும். 1996-இல் வெளிவந்த 'இந்தியன்' திரைப்படத்தைக் கண்டு, விரலால் தொட்டே ஆளை முடக்கலாம் என நம்புவோர் பலர். மருத்துவ அறிவியல் அதனை ஏற்கவில்லை. அதற்காக அனைத்தும் பொய்யென்று தள்ளுவதும் தவறு. முழங்கை இடித்துக்கொண்டால் விரல்நுனிவரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருப்பதை யாவரும் அறிவோம். அங்கே நரம்பு ஒன்று எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே செல்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் ஓரிடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம். விளையாட்டாகக்கூட எவரும் செய்துபார்க்கலாகாது.

இன்று சித்த மருத்துவக் கல்வியில் வர்ம மருத்துவமும் இடம்பெற்றுள்ளது. மறைபொருளாய் இருந்தது பாடமாகும்போது, எது பயன் தருகிறது, எது வெறும் நம்பிக்கை என்று நோயாளியின் நலத்தைக்கொண்டே ஆராய வழி பிறக்கிறது. இக்கலைக்கு உரிய தேர்வுக்களம் அதுவே.

ஒருவர் முதலிடம் பெற்றால் மற்றவர் பின்தங்கியே ஆகவேண்டும் என்ற கணக்கில் பழகியவர்கள் நாம். எத்தனை பேரை வீழ்த்தினான் என்று கேளாமல், வீழ்ந்தவரை எழுப்பத் தெரியுமா என்று கேட்கும் கலை ஒன்று நம் தமிழ் மண்ணில் இருக்கிறது. நாம் கற்கும் எந்தக் கல்விக்கும் அக்கேள்வி பொருந்தும் அன்றோ!