ஏறுகம்பி: உயரத்துக்கு முன் தரையைப் பாருங்கள்

தாம்பரம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்போர் நலச் சங்கத்தார் பூங்காவுக்கு விளையாட்டுச் சாதனம் கேட்கும்போது, ஊஞ்சல், சறுக்குமரத்தோடு, குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டகமான ஏறுகம்பியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒருசேர உழைக்கும் விளையாட்டு அது.

இதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்த செபாஸ்டியன் ஹின்டன் 1920இல் இதற்குக் காப்புரிமை கோரினார். அவருடைய தந்தை சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் கணித அறிஞர். ஜப்பானில் இருந்தபோது, தம் பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் பிடிபட மூங்கிலால் சட்டகம் கட்டி ஏறவிட்டவர். கணக்கைவிட ஏறுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. மகன் அதையே இரும்புக் குழாயில் செய்தார்.

இன்று அதே வடிவத்தை அப்படியே வைப்பதில்லை. உச்சியிலிருந்து நழுவும் குழந்தை உள்ளே இருக்கும் கம்பிகளில் மோதுகிறது. அதனால் அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டி, 45 செ.மீ.க்கு மேலிருந்து விழும் இடத்தில் உட்கம்பி கூடாது என்கிறது. கயிற்று வலைகளும் வளைவு ஏணிகளும் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது இடைவெளி. சுற்றிலும் அடைபட்ட இடைவெளி 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவே இருக்கக் கூடாது. கால் நுழையும், உடம்பும் நழுவிவிடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் தொங்க நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பிடிக்கும் கம்பி சுமார் 3 செ.மீ. தடிமன் இருந்தால் சின்ன விரல்கள் முழுதாகச் சுற்றும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தரை. பேவர் பிளாக், சிமென்ட், இறுகிய மண் மூன்றும் ஆகாது. நாலடி உயரத்துக்கே 9 அங்குலம் தளர்ந்த மணல் வேண்டும். சுற்றிலும் ஆறடி காலியிடம் விட வேண்டும். நம் வடகிழக்குப் பருவமழை மணலை அரித்துக்கொண்டு போகும், மிச்சத்தை இறுக்கிவிடும். எனவே ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மணலைக் கொத்திவிட்டு, குறைந்ததை நிரப்ப வேண்டும். குழாய் தரையில் புதையும் இடத்தில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் இரும்பு கையைச் சுடும். வேம்போ புங்கனோ நிழல் தரும் பக்கமாக வைப்பது நல்லது.

2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் உள்ளன. உங்கள் வார்டுப் பூங்காவுக்கு ஒரு நாள் அளவுநாடாவோடு போங்கள். மணலின் ஆழத்தையும் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து, குறை இருந்தால் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள்.