சப்ஸிடியும் சப்வென்ஷனும்

சப்ஸிடி, சப்வென்ஷன் என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் நாம் மானியம் என்றே வழங்குகிறோம். ஆயினும், விவசாயத் திட்டங்களில் இவற்றின் பொருள் வெவ்வேறாகும்.

சப்ஸிடி என்பது வாங்கும் பொருளின் விலையில் சர்க்கார் ஏற்கும் பங்கு. விதைக்கும் கருவிக்கும் கிடைப்பது இதுவே; அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

சப்வென்ஷன் என்பது கடனுக்குரிய வட்டியில் சர்க்கார் ஏற்கும் பங்கு. அசல் ஒரு ரூபாயும் குறையாது. 2025-26ஆம் ஆண்டில் கிஸான் கிரெடிட் கார்டின் மூலம் 3 லட்சம் ரூபாய் வரை பெறும் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடு தவறாதவருக்கு 4 சதவீதமே. 1 லட்சம் ரூபாயை ஓராண்டுக்குப் பெற்றவர் உரிய நாளில் செலுத்தினால் வட்டி 4,000 ரூபாய். தவறினால் 3,000 ரூபாய்ச் சலுகையை இழப்பார்.

"மானியக் கடன்தானே, கட்ட வேண்டாம்" என்று குடியானவர் எவரும் ஏமாறாதபடி, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்வேற்றுமையைக் கிராம சபையில் விளக்குவார்களாக.