வீட்டுக் கணினியில் ஒரு டேப்லட் பெட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம்தான். நடுவில் சிங்கமலைச் சுரங்கம். எதிரெதிராக இரண்டு கோச்சி உள்ளே புகுந்துவிடாமல் காப்பதற்கு வந்ததுதான் டேப்லட் முறை. இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் இணைத்த பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து டேப்லட் என்ற உலோக வட்டு ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்தது வராது. வளையத்தில் கோத்த தோற்பையில் அது கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். மாதிரி ரயிலைக் கணினியோடு இணைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வகை மாதிரி ரயிலில் குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்னழுத்தம் கூடும், அதில் நிற்கிற எஞ்சின் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் மின்னழுத்தம் கூடுவதோ குறைவதோ இல்லை. திசை மட்டும் படுவேகமாக மாறிக்கொண்டிருக்கும். 58 மைக்ரோசெக்கனில் மாறினால் ‘1’, ஏறத்தாழ 100 ஆனால் ‘0’. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளைக்கு மட்டும் அசையும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வடிவமைத்ததை அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக்கியதால், வேறு வேறு கம்பனிப் பொருட்களும் ஒத்துப்போகின்றன.

புது டிகோடர் வழக்கமாக 3 என்ற எண்ணோடு வரும். மாற்றாமல் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். கைக்கருவியில் எண் மாற்றுவது பெரிய தலைவலி. கணினித் திரையில் பெயர்களைப் பார்த்து மாற்றுவது சுகம். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பாப் ஜேக்கப்சன் என்ற பௌதிகவியலாளர் தொடங்கியது. இதை வைத்து நடந்த வழக்கில்தான், திறந்த மூல உரிம நிபந்தனைகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பலம் உண்டு என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

கணினிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கட்டளை நிலையம் வேண்டும். ஆர்டுயினோ மெகா பலகை, மோட்டார் ஷீல்ட், டிசிசி-ஈஎக்ஸ் என்ற இலவச நிரல் ஆகியவற்றைக் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம். யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால் ரயில் ஓடத் தொடங்கும்.

ஆனால், ரயில் எங்கே நிற்கிறது என்று கணினிக்கு இன்னும் தெரியாது. கட்டளை போகிறதே தவிர, பதில் வருவதில்லை. அதற்காகத் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, இடையில் மின்கடத்தா இணைப்பு போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மின்னோட்ட உணரி வைக்க வேண்டும். எஞ்சின் ஏறியதும் மின்சாரம் பாயும், திரையில் அந்தப் பகுதி நிறம் மாறும். பிறகு திரையில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று வரைந்து, ‘நடுப்பகுதியில் வண்டி இருந்தால் இரு முனையிலும் சிவப்பு’ என்று விதி எழுதிவிடலாம். டேப்லட் பெட்டியின் வேலையும் இதுதானே?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் மின்சாரம் இழுக்கும். சாதாரணப் பெட்டிகள் இழுக்காது. கொக்கி கழன்று இரண்டு பெட்டி பின்தங்கினால், பாதை காலி என்று கணினி நம்பிவிடும். நிஜப் பாதையில் வண்டி முழுதாக வந்ததா என்று கடைசிப் பெட்டியின் விளக்கைப் பார்த்து உறுதி செய்வார்கள். உங்கள் ரயிலில் கடைசிப் பெட்டியின் அச்சில், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 5 முதல் 10 கிலோ ஓம் வரையான ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் பாய்வதால், பின்தங்கிய கடைசிப் பெட்டியும் உணரிக்குத் தெரியும்.