மகிழுந்துக் கூரைத் தாங்கி

மகிழுந்துக் கூரைத் தாங்கி என்பது காருக்குள் அடங்காத நீளமான அல்லது பருமனான பொருட்களை அதன் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லப் பயன்படும் சட்டக அமைப்பு ஆகும். தமிழ்நாட்டில் இது பேச்சுவழக்கில் 'கேரியர்' எனப்படுகிறது. அம்பாசடர் கார்கள் ஓடிய காலத்தில் படுக்கைச் சுருளும் டிரங்குப் பெட்டியும் ஏறிய அதே இடத்தில் இன்று மிதிவண்டி, அலைச்சறுக்குப் பலகை, கயாக் படகு, பனிச்சறுக்குக் கட்டை, கோலூன்றித் தாண்டும் கோல் போன்ற விளையாட்டுக் கருவிகள் ஏறுகின்றன. சுமையின் தன்மை மாறியதால் தாங்கியின் வடிவமும் அதைப் பொருத்தும் முறையும் மாறிவிட்டன.

கிரிக்கெட் கிட் பை, கால்பந்து வலை, பூப்பந்து மட்டை போன்றவற்றுக்குக் கூரைத் தாங்கி தேவையில்லை. அவை டிக்கியில் இருப்பதே நல்லது. காருக்குள் எவ்வகையிலும் நுழையாத கருவிக்கு மட்டுமே கூரையை நாட வேண்டும்.

வரலாறு

பழைய கார்களின் கூரை ஓரத்தில், கதவுக்கு மேலே, மழைநீர் வழிந்தோடுவதற்கென ஒரு தகரக் காடி இருந்தது. அம்பாசடர், பிரிமியர் பத்மினி, மாருதி ஆம்னி ஆகியவற்றில் இதைக் காணலாம். தாங்கியின் கால்களை அந்தக் காடியில் மாட்டி இறுக்கிவிடலாம். எந்தக் காருக்கும் ஏறத்தாழ ஒரே வகைத் தாங்கி பொருந்தியது.

சுவீடனைச் சேர்ந்த தூலே நிறுவனம் 1942இல் எரிக் தூலின் என்பவரால் தொடங்கப்பட்டது. மீனவர்களுக்கான மீன்பொறிகளைச் செய்துவந்த இந்நிறுவனம் 1960களில் கார் கூரைத் தாங்கிகளுக்குத் திரும்பியது. அமெரிக்காவில் யாக்கிமா என்ற நிறுவனம் கயாக், மிதிவண்டி ஆகியவற்றை ஏற்றும் தாங்கிகளால் பெயர் பெற்றது. காற்றுத்தடையைக் குறைக்கும் நோக்கில் கார்களிலிருந்து மழைநீர்க் காடி மெல்ல மறைந்தது. அதன்பின் ஒவ்வொரு காரின் கதவுச் சட்ட வளைவுக்கும் ஏற்ற தனித்தனி இணைப்புத் துண்டுகளைச் செய்ய வேண்டிய நிலை உண்டானது. இன்று ஒரு காருக்கு வாங்கிய தாங்கி அடுத்த காருக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

பாகங்கள்

கூரையின் அகலவாக்கில் அமையும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், அவற்றைக் கூரையோடு பிணைக்கும் நான்கு கால்கள், சட்டங்களின்மேல் அமரும் கருவிக்கேற்ற பிடிப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தாங்கி. குறுக்குச் சட்டம் முன்பு சதுர எஃகுக் குழாயாக இருந்தது. இன்று விமான இறக்கையின் குறுக்குவெட்டைப் போன்ற வடிவில் அலுமினியத்தில் செய்யப்படுகிறது. இது இரைச்சலைக் குறைக்கும்.

கால்கள் பிணையும் இடத்தைப் பொறுத்துத் தாங்கிகள் வேறுபடுகின்றன. சில கார்களில் கூரையின் இருபுறமும் நீளவாக்கில் 'ரூஃப் ரெயில்' எனப்படும் கம்பிகள் இருக்கும். கம்பிக்கும் கூரைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், காலை அந்தக் கம்பியைச் சுற்றிப் பற்றவைக்கலாம். இடைவெளி இல்லாமல் கூரையோடு ஒட்டிய கம்பிகளுக்கு வேறு வகைக் கால் வேண்டும். சில கார்களின் கூரையில் சிறு மூடிகளுக்கு அடியில் திருகுத் துளைகளைத் தொழிற்சாலையிலேயே அமைத்திருப்பார்கள். இவை எதுவும் இல்லாத வெறும் கூரையில் ரப்பர் அடித்தளம் கொண்ட கால் கூரைமேல் அமர, அதன் உலோகக் கொக்கி கதவுச் சட்டத்தின் உள்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கும் பல கார்களின் ரூஃப் ரெயில்கள் வெறும் அலங்காரம். பார்ப்பதற்கு உறுதியான கம்பி போலவே இருந்தாலும் அவை பிளாஸ்டிக்கால் ஆனவை, அல்லது பசையாலும் சிறு கிளிப்புகளாலும் ஒட்டப்பட்டவை. அவற்றில் இரண்டு மிதிவண்டிகளைக் கட்டி நெடுஞ்சாலையில் சென்றால் ரெயிலோடு சேர்ந்தே எல்லாம் பறக்கலாம். கையால் அசைத்துப் பார்ப்பது போதாது. காருடன் தரப்படும் கையேட்டில் கூரைச் சுமை பற்றிய பக்கத்தைப் படிக்க வேண்டும். ரெயிலில் சுமை ஏற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் கையேட்டின் சொல்லே முடிவானது.

சுமை வரம்பு

ஒவ்வொரு காரின் கூரைக்கும் உற்பத்தியாளர் ஒரு சுமை வரம்பு வைத்திருப்பார். சிறிய கார்களில் இது 50 கிலோ அளவிலும், நடுத்தரக் கார்களில் 75 கிலோ அளவிலும் இருப்பது வழக்கம். இது கார் ஓடும்போதுள்ள வரம்பு. நிற்கும் காரின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும். கூரைமேல் கூடாரம் அமைத்து இருவர் உறங்க முடிவது அதனால்தான். அதை வைத்து ஓடும்போதும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வளைவிலும் பள்ளத்திலும் திடீர் பிரேக்கிலும் சுமை கூரையைப் பல திசைகளில் இழுக்கிறது.

வரம்பைக் கணக்கிடும்போது தாங்கியின் எடையையும் சேர்க்க வேண்டும். கார் வரம்பு 50 கிலோ என்று கொள்வோம். இரண்டு குறுக்குச் சட்டங்களும் கால்களும் 6 கிலோ, இரண்டு மிதிவண்டிப் பிடிப்பான்கள் 8 கிலோ, 14 கிலோ எடையுள்ள இரண்டு மிதிவண்டிகள் 28 கிலோ. மொத்தம் 42 கிலோ. மூன்றாவது மிதிவண்டியும் அதன் பிடிப்பானும் சேர்ந்தால் 60 கிலோ ஆகிவிடும். இடம் இருக்கிறது என்பதற்காக மூன்றாவதை ஏற்ற முடியாது. தாங்கிக்கும் பிடிப்பானுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. மூன்றில் எது குறைவோ அதுவே செல்லும்.

கூரைத் தாங்கிகளுக்கென ஐஎஸ்ஓ 11154 என்ற பன்னாட்டுத் தரநிலை உள்ளது. நகரில் விற்கும் மலிவான தாங்கிகள் பலவற்றில் எந்தத் தரக் குறிப்பும் இருப்பதில்லை.

பொருத்துதல்

முதலில் கூரையையும் கதவு விளிம்பையும் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. ரப்பருக்கு அடியில் சிக்கிய மணல் ஒவ்வொரு அதிர்விலும் உப்புத்தாளைப் போலத் தேய்த்து வண்ணப்பூச்சைக் கெடுத்துவிடும். கடற்கரைக்குப் போய்வரும் கார்களில் இது அடிக்கடி நேர்கிறது.

அடுத்து இடம் குறிக்க வேண்டும். முன் சட்டம் முகப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் அமைய வேண்டும், இரண்டு சட்டங்களுக்கும் இடையே எவ்வளவு வேண்டும் என்ற அளவுகள் தாங்கியின் குறிப்பேட்டில் அந்தந்தக் கார் மாடலுக்கெனத் தரப்பட்டிருக்கும். வெறும் கூரையில் கண்ணளவாக வைப்பது தவறு. குறிப்பிட்ட இடத்தில்தான் கதவுச் சட்டத்தின் வளைவும் கொக்கியின் வளைவும் ஒன்றும். பல கார்களின் கூரை பின்னோக்கிக் குறுகுவதால் முன் சட்டமும் பின் சட்டமும் வெவ்வேறு நீளமாக இருக்கலாம். மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

நான்கு கால்களையும் முதலில் தளர்வாகவே பொருத்த வேண்டும். பிறகு இடம், வலம் என மாறிமாறிச் சில சுற்றுகளாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் ஒருபுறமாக இழுபட்டுக் கோணலாகும். நல்ல தாங்கிகளுடன் வரும் சாவி, தேவையான முறுக்கு விசை வந்ததும் 'டக்' என்று ஒலிக்கும். அதற்கு மேல் இறுக்கினால் கூரை விளிம்பு நசுங்கும், குறைவாக இறுக்கினால் கால் நகரும்.

முடித்தபின் சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கார் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும். சட்டம் மட்டும் ஆடினால் பொருத்தியது சரியில்லை. கதவுகள் வழக்கம்போல மூடுகின்றனவா, சன்ரூஃப் திறக்கும்போது சட்டத்தில் இடிக்கிறதா, டிக்கிக் கதவு மேலெழும்போது கருவியில் படுகிறதா என்பதையும் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும். முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குவது நல்லது.

கூரையில் புதிதாகத் துளையிட்டுச் சட்டகத்தை முடுக்கித் தரும் பட்டறைகள் உண்டு. துளை வழியே நீர் இறங்கித் துருப்பிடிக்கும். அது மட்டுமல்ல, பல புதிய கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் கூரையின் ஓரத்திலேயே மடித்து வைக்கப்பட்டுள்ளன. அங்கே துளைக்கருவியை இறக்குவது ஆபத்து.

கருவியைக் கட்டுதல்

எடை குறைந்த பொருளுக்கு ஒரு கயிறு போதும் என்ற எண்ணமே பெரும்பாலான விபத்துகளுக்கு வழிவிடுகிறது. கயிறு கருவியின் எடையைத் தாங்குவதற்காக அல்ல, காற்றை எதிர்ப்பதற்காகவே கட்டப்படுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமம். 9 அடி அலைச்சறுக்குப் பலகையின் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர். அதன் முனை சற்றே தூக்கிநின்று, அந்த அழுத்தத்தில் பாதி தூக்குவிசையாக மாறினால்கூடப் பலகையை 23 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். பலகையின் எடையோ 6, 7 கிலோதான். வேகம் பாதியானால் இந்த விசை கால் பங்காகக் குறையும். ஊருக்குள் அசையாமல் வந்த பலகை நெடுஞ்சாலையில் ஏறியதும் படபடக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே அலைச்சறுக்குப் பலகையை, நிற்கும் பக்கம் கீழாகவும் துடுப்புகள் மேலாகவும் இருக்குமாறு கவிழ்த்து, துடுப்புள்ள முனையை முன்பக்கம் வைத்துக் கட்டுவது வழக்கம். அப்போது பலகையின் மேல்வளைந்த மூக்கு பின்பக்கம் கீழ்நோக்கி இருப்பதால் காற்று அதைத் தூக்காது. நுரையால் ஆன பலகையை ராட்செட் வார்களால் இறுக்கினால் ஓரம் நொறுங்கும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கி வார்களே ஏற்றவை. வாரில் ஓரிரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் எழும் ரீங்காரம் குறையும்.

கயாக் நீளமானது என்பதால் இரண்டு குறுக்கு வார்கள் மட்டும் போதா. முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் காரின் இழுவைக் கொக்கிகளுக்குத் தனிக் கயிறுகள் போக வேண்டும். வார் ஒன்று அறுந்தாலும் படகு சாலையில் விழாமல் இவை பிடித்துக்கொள்ளும்.

மிதிவண்டிகளைச் சக்கரங்களோடு நிமிர்த்தி வைக்கும் பிடிப்பானும், முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டும் பிடிப்பானும் உள்ளன. கார்பன் இழைச் சட்டம் கொண்ட மிதிவண்டியின் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். டூர் டி பிரான்ஸ் போட்டியில் அணிக் கார்களின் கூரைமேல் மிதிவண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கலாம். அணித் தலைவரின் மிதிவண்டி ஓரத்தில், இயந்திரப் பணியாளர் இறங்கியவுடன் கைக்கு எட்டும் இடத்தில் நிற்கும்.

இலங்கையின் அறுகம் குடாவில் இதே வேலையை ஆட்டோக்கள் செய்கின்றன. ஆட்டோவின் கூரையில் சிறு சட்டகம் பொருத்தி அலைச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு அவை கடற்கரைகளுக்கு ஓடுகின்றன. மெதுவாகப் போவதால் மேலே சொன்ன காற்றுவிசை அங்கே பெரிய தொல்லை தருவதில்லை.

ஓட்டுதல்

கூரைச் சுமை காரின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. வளைவுகளில் கார் அதிகம் சாயும், பக்கக் காற்று தள்ளும், பிரேக் பிடிக்கும் தொலைவு கூடும். பல தாங்கிகளின் குறிப்பேடுகள் வேக வரம்பையும் தருகின்றன.

உயரத்தை மறப்பதுதான் அடிக்கடி நிகழும் தவறு. 1.5 மீட்டர் உயரக் காரின்மேல் மிதிவண்டியை நிமிர்த்தி வைத்தால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டிவிடும். வணிக வளாகங்களின் நிலத்தடி நிறுத்துமிடங்கள் பலவற்றில் நுழைவாயில் உயரம் 2.1 அல்லது 2.2 மீட்டர்தான். பல மணி நேரம் கவனமாக ஓட்டிவந்தவர் கடைசி ஐந்து நிமிடத்தில் மிதிவண்டியையும் கூரையையும் ஒருசேர இழப்பது இங்கேதான். மொத்த உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி, ஸ்டீயரிங்கின் எதிரே ஒட்டிவைப்பது எளிய வழி.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, சுமை அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். நீளமான கோல்களையும் படகுகளையும் ஏற்றுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கழற்றுதல்

வேலை முடிந்ததும் தாங்கியைக் கழற்றிவிட வேண்டும். வெறும் தாங்கியும் காற்றைத் தடுக்கும், எரிபொருளைத் தின்னும். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அந்நாட்டின் இலகு வாகனங்கள் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ 0.08 விழுக்காடு கூரைத் தாங்கிகளால் கூடுதலாகச் செலவாகிறது என மதிப்பிட்டது. அதில் கணிசமான பங்கு எதையும் சுமக்காத வெற்றுத் தாங்கிகளால் ஆவது. மின்கார்களில் இந்த இழப்பு ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவில் நேரடியாகத் தெரியும்.

கழற்றிய சட்டங்களில் 'முன்', 'பின்', 'இடம்', 'வலம்' என்று குறித்து வைத்தால் அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சமாகும். சாவியையும் திருகுகளையும் ஒரு பையிலிட்டுச் சட்டத்தோடு கட்டிவிடலாம். கடற்கரைக்குப் போய்வந்த தாங்கியை நன்னீரில் கழுவி, திருகுகளில் சிறிது கிரீஸ் தடவி வைக்காவிட்டால், அடுத்த பருவத்தில் அவை உப்பில் இறுகித் திருகவே வராது.