மழைத் திடலில் முட்டைப் பந்து

தம்போயில் மாலை மழை ஓய்ந்ததும் ரக்பி ஆடும் பையன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனால், "காலில் பலமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பந்தையும் சற்றுப் பார்ப்போம்.

இரு கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர், 3 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பத்தைப் பந்து தாண்டவேண்டும். எடை 410 முதல் 460 கிராம். முற்காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையை வாயால் ஊதி, மேலே தோல் தைத்தார்கள். இங்கிலாந்தில் ரக்பி நகரத்துச் செருப்புத் தொழிலாளி ரிச்சர்ட் லிண்டனின் மனைவி, அப்படி ஊதியே நோயுற்று இறந்தார் என்பார்கள். லிண்டன் 1862 வாக்கில் ரப்பர்ப் பையைப் புகுத்தினார். நம்மவர் பால் வெட்டிய ரப்பர் மரம் மலாயாவுக்கு வந்தது அதற்குப் பிறகு, 1877இல்தான்.

உள்ளே ரப்பர் வந்தும் மேலே தோலாகவே இருந்தது. மழையில் தோல் நீரை உறிஞ்சும். கனத்த பந்து கம்பத்தை எட்டாமல் விழும். பின்னாளில் செயற்கை உறை வந்து இந்தத் தொல்லையைப் பெரிதும் தீர்த்தது. உறையின் மேலுள்ள சிறு புள்ளிகள் ஈரக் கைக்குப் பிடிப்புத் தரும்.

ஈரக் காற்று கனமானது என்று நினைக்கிறோம். இல்லை, நீராவி காற்றைவிட இலேசு. ஆனால் அதனால் வரும் வேறுபாடு மிகச் சிறிது. உயரமே பெரிய காரணம். சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்க்கில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே பந்து தூரம் போகும். தம்போயோ தாழ்நிலம். இங்கே கெடுப்பது சேறு: ஊன்றிய கால் சறுக்கினால் உதை கோணலாகும். ஆகவே பையன் பந்தின் காற்றையும் பூட்ஸின் அடியையும் முதலில் பார்க்கட்டும்.